திருநங்கைகள் எத்தனை பேர்? யார் வாயால் சொன்ன கணக்கு?

சென்னை டவுன் பஸ்சில் திருநங்கை ஏறினால், சாதாரண கட்டண பஸ் என்றால் டிக்கெட்டுக்கு காசு இல்லை. 2021-ல் வந்த சலுகை இது. பெண்களுக்கு ஒரு டிக்கெட், திருநங்கைகளுக்கு ஒன்று, மாற்றுத்திறனாளிகளுக்கு ஒன்று என்று தனித்தனியாக அச்சடித்தார்கள்.

"சும்மா போறவங்களுக்கு சீட்டு எதுக்குப்பா?" என்று கேட்கத் தோன்றும். விஷயமே அதில்தான் இருக்கிறது. எத்தனை பேர் போனார்கள் என்று அந்த சீட்டுதான் சொல்லும்.

ஆனால் கண்டக்டர் முகத்தைப் பார்த்துக் கிழித்தால் அது அவருடைய ஊகம். கேட்டுவிட்டுக் கிழித்தால், நெரிசலில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்!

22,364 பேர்

2011 மக்கள் தொகை கணக்கெடுப்பில் ஆண், பெண்ணுடன் "மற்றவர்" என்ற பிரிவும் சேர்ந்தது. நாடு முழுவதும் 4,87,803 பேர். தமிழ்நாட்டில் 22,364 பேர்.

வேடிக்கை என்னவென்றால், பொதுவான பட்டியல்களில் இவர்களை ஆண்கள் தொகையோடு சேர்த்துவிட்டார்கள்! தனிக் கணக்கு பிறகுதான் வெளியே வந்தது.

அதில் 54,854 பேர் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். பால் குடிக்கிற பிள்ளையா "நான் இன்னார்" என்று சொல்லியிருக்கும்? பெரியவர்கள் சொன்னதைத்தான் எழுதியிருக்க வேண்டும். மறுபக்கம், வளர்ந்த மகனையோ மகளையோ மறைத்த வீடுகள் எத்தனையோ!

கோர்ட்டு சொன்னது

அவரவர் பாலினத்தை அவரவரே சொல்லலாம், ஆபரேஷன் செய்திருக்க வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 15-4-2014 அன்று தீர்ப்பு கூறியது. தமிழ்நாட்டில் திருநங்கைகள் நல வாரியம் தொடங்கியது 2008-ல். அதுவும் ஏப்ரல் 15-ந்தேதிதான்.

ரேஷன் கார்டு, வீட்டு மனை, ஆஸ்பத்திரி படுக்கை, பொதுக் கழிப்பிடம் எதுவானாலும் "எத்தனை பேருக்கு?" என்ற கேள்விதான் ஆபீசில் முதலில் வரும். கணக்கு குறைந்தால் ஒதுக்குகிற பணமும் குறையும்.

அப்படியானால் சொல்லிவிட வேண்டியதுதானே? அது அவ்வளவு லேசு இல்லை. விவரம் வெளியே கசிந்தால் வீட்டுக்காரர் "காலி பண்ணு" என்பார். வேலை போகும். எழுதி வாங்குகிறவர் ரகசியம் காப்பார் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். திருநம்பிகள் பாடு இன்னும் மோசம். அப்படி ஒரு பிரிவு இருப்பதே பல குமாஸ்தாக்களுக்கு தெரியாது.

அடுத்த கணக்கு

2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப் போனது. 1-3-2027-ஐ அடிப்படை நாளாக வைத்து நடத்தப்போவதாக 2025-ல் மத்திய அரசு அறிவித்தது. விவரங்களை மக்கள் தாங்களே பதிவு செய்ய வசதி உண்டு என்றும் சொன்னது.

ஆனால் பாருங்கள், குடும்பத்துக்கு ஒரு படிவம். அதை நிரப்பும் செல்போன் பெரும்பாலும் அப்பா கையில் இருக்கும்.