மூட்டை முடிச்சு – 9: யமுனையின் எந்தக் கரை?

'டெல்லிக்கு மாற்றல்' என்று உத்தரவு வாங்கிக்கொண்டு கிளம்புகிறவர்களில் பலர் கடைசியில் டெல்லியில் குடியிருப்பதே இல்லை. அலுவலகம் குருகிராமில் இருக்கும், இல்லாவிட்டால் நொய்டாவில் இருக்கும். முதலாவது ஹரியானா, இரண்டாவது உத்தரப்பிரதேசம். நடுவில் டெல்லி. மூன்றையும் ஒரே ஊராக எண்ணிக்கொண்டு, அண்ணா நகரா, அடையாறா என்கிற தோரணையில் வீடு பார்க்கத் தொடங்குவதுதான் இங்கே வருகிற தமிழ்க் குடும்பங்களின் முதல் தடுமாற்றம். மாநில எல்லை தாண்டினால் வண்டிப் பதிவு வேறு, மின்சாரக் கட்டணம் வேறு, வீட்டுப் பத்திரத்தின் தன்மையே வேறு.

சென்ற வாரம் பீரோவையும் கிரைண்டரையும் லாரியில் ஏற்றிவிட்டோம். அந்த லாரி எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்பது இந்த வாரம்.

முதல் வெட்டை அலுவலகமே போட்டுவிடும். குருகிராமில் வேலை என்றால் யமுனையைத் தாண்டிக் குடிபோகாதீர்கள். நொய்டாவில் வேலை என்றால் கிழக்குக் கரையை விடாதீர்கள். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மெட்ரோ இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நொய்டாவுக்கு 2009லும் குருகிராமுக்கு 2010லும் வந்துவிட்டது. ஆனால் வீட்டைப் பூட்டிய நேரத்திலிருந்து அலுவலக நாற்காலியில் உட்காரும்வரை கணக்குப் போட்டால் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் போய்விடும். கணவனுக்கு ஒரு கரை, மனைவிக்கு மறு கரை என்று வேலை அமைந்தவர்கள் மட்டும் நடுவே டெல்லிக்குள் தேடலாம்.

மெட்ரோ வரைபடத்தை நம்பும்போதும் கொஞ்சம் ஜாக்கிரதை தேவை. நொய்டாவிலிருந்து கிரேட்டர் நொய்டாவுக்குப் போகும் அக்வா பாதை 2019 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் முனை செக்டர் 51. டெல்லி மெட்ரோவின் நீலப் பாதை நிலையம் செக்டர் 52. படத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். நேரில் போனால் ஒன்றிலிருந்து வெளியே வந்து சுமார் 300 மீட்டர் நடந்து மற்றொன்றில் ஏற வேண்டும், நிர்வாகமும் வேறு. மே மாத வெயிலில் கையில் லேப்டாப் பையோடு நடந்தால்தான் 300 மீட்டர் எவ்வளவு நீளம் என்று தெரியும். 'மெட்ரோவிலிருந்து ஐந்து நிமிடம்' என்று புரோக்கர் சொன்னால், எந்த மெட்ரோ, எதில் ஐந்து நிமிடம் என்று இரண்டையும் கேளுங்கள்.

கரை முடிவானதோடு அலுவலகம் போகிறவரின் ஓட்டு முடிந்துவிட வேண்டும் என்பது என் கட்சி. வழக்கமாக நடப்பது நேர் எதிர். மாற்றல் வந்தவர் முன்னால் போய், கெஸ்ட் ஹவுஸில் தங்கி, இரண்டு சனி, ஞாயிறில் ஏழெட்டு வீடு பார்த்து, நீச்சல் குளமும் கிளப் ஹவுஸும் உள்ள இருபத்திரண்டாவது மாடியில் டோக்கன் கொடுத்துவிட்டு வீடியோ காலில் காட்டுவார். அந்த வீட்டில் பகல் முழுக்க இருக்கப்போவது அவர் இல்லை. அவருடைய அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிடா, கீழே இறங்கினா கறிவேப்பிலை கிடைக்குமா?" என்று கேட்பார். அவர் சிரிப்பார். சிரிக்கிற கேள்வி இல்லை அது.

குருகிராமின் புதிய செக்டர்களில், துவாரகா எக்ஸ்பிரஸ்வே ஓரம் எழும்பிய கோபுரங்களில், கீழே இறங்கினால் கிடைப்பது எட்டு வழிச் சாலை. காய்கறி செயலியில் வரும், மருந்தும் செயலியில் வரும். நடந்து போக ஓர் இடம் வராது. ஹிந்தி பேச வராத, செயலி பழக்கமில்லாத அறுபத்தைந்து வயதுப் பெரியவர் அங்கே ஆறு மாதத்தில் வாயடைத்துப் போய்விடுவார். பக்கத்திலேயே, 1980களிலிருந்து வளர்ந்த பழைய குருகிராம் பகுதிகளில் தெருமுனைச் சந்தையும் பூங்காவும் இருக்கின்றன. தளத்துக்கு ஒன்றாகக் கட்டிய, லிஃப்ட் இல்லாத 'பில்டர் ஃப்ளோர்' வீடுகளும் இருக்கின்றன. வசதியா, நடமாட்டமா என்பதுதான் பேரம்.

கிழக்குக் கரையில் இந்தப் பேரம் கொஞ்சம் சுலபம். காஸியாபாத் மாவட்டத்து இந்திராபுரம், வைஷாலி இரண்டிலும் சந்தை காலுக்கடியில். டெல்லி எல்லைக்குள் இருக்கும் மயூர் விஹார் முதல் கட்டம் நொய்டாவுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. நீலப் பாதையும் பிங்க் பாதையும் அங்கே சந்திக்கின்றன. உத்தர குருவாயூரப்பன் கோயிலைச் சுற்றி மலையாளிகளும் தமிழர்களும் பல்லாண்டுகளாக வேர் பிடித்த இடம். இட்லி அரிசிக்கும் நல்லெண்ணெய்க்கும் அலைய வேண்டாம். குறை என்னவென்றால் பல கட்டடங்கள் பழையவை, சிலவற்றில் லிஃப்ட் கிடையாது, கார் நிறுத்தத் தினசரி மல்லுக்கட்டு. முழங்கால் வலிக்காரர் மூன்றாம் மாடியில் மாட்டிக்கொண்டால் கோயில் பக்கத்தில் இருந்தும் பயனில்லை. இருந்தாலும், பெரியவர்களோடு நொய்டாவுக்கு மாறும் குடும்பம் என்னிடம் கேட்டால், அங்கே தரைத்தளமோ முதல் மாடியோ கிடைக்கும்வரை பொறுத்திருங்கள் என்பேன்.

பிள்ளைகள் விஷயத்தில் வரிசையை மாற்ற வேண்டும். வீடு பார்த்துவிட்டுப் பள்ளி தேடாதீர்கள். பள்ளியில் இடம் உறுதியான பிறகு, அந்தப் பள்ளி பஸ் எந்தெந்த செக்டருக்கு வருகிறது என்று வாங்கிக்கொண்டு அதற்குள் வீடு தேடுங்கள். வடக்கே சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் ஆண்டு ஏப்ரலில் தொடங்கிவிடும். நம் ஊர் மாநிலப் பாடத்திட்டக் கணக்கில் ஜூனில் போய் நின்றால் அங்கே ஒரு யூனிட் டெஸ்டே முடிந்திருக்கும். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் நேரடிச் சேர்க்கை என்பது வாரியத்தின் அனுமதியோடு, பெற்றோர் மாற்றல் போன்ற காரணத்தைக் காட்டி வாங்க வேண்டியது. ஆகவே பிள்ளை ஒன்பதிலோ பதினொன்றிலோ இருந்தால், ஒரு வருடம் அப்பா மட்டும் தனியே போய்ச் சமைத்துச் சாப்பிடட்டும் என்று முடிவெடுக்கும் குடும்பங்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்தது ஹிந்தி. ஆறாம் வகுப்பில் நுழைகிற பிள்ளைக்கு அங்குள்ள பிள்ளைகள் ஐந்து வருடம் படித்த ஹிந்தி காத்திருக்கும். பள்ளியில் பேசும்போது கட்டடத்தையும் டென்னிஸ் கோர்ட்டையும் காட்டுவார்கள். நீங்கள் எந்தெந்த மொழிகள் உண்டு, புதிதாகச் சேருகிற பிள்ளைக்கு ஹிந்தியில் என்ன சலுகை தருவீர்கள் என்று கேளுங்கள். தமிழே படிக்க வேண்டும் என்றால் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் இருக்கின்றன. மந்திர் மார்க், கரோல்பாக், லோதி எஸ்டேட், மோதிபாக், லட்சுமிபாய் நகர், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி என்று எல்லாமே டெல்லிக்குள், எல்லாமே யமுனைக்கு மேற்கே. நொய்டாவிலிருந்து ஒன்றாம் வகுப்புக் குழந்தையைத் தினம் அங்கே அனுப்புவது நடக்கிற காரியமில்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கு இதில் பாதித் தலைவலி கிடையாது. கேந்திரிய வித்யாலயாவில் மாற்றலாகி வருகிறவர்களுக்கு முன்னுரிமை உண்டு.

தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரர் தானாகச் சொல்லாத ஒரு செய்தி. நொய்டாவுக்கும் காஸியாபாத்துக்கும் கிழக்கு டெல்லியின் சில பகுதிகளுக்கும் வருவது மேல் கங்கைக் கால்வாய்த் தண்ணீர். ஹரித்துவாரில் தொடங்கும் அந்தக் கால்வாயை ஆண்டுதோறும் தசராவிலிருந்து தீபாவளிவரை தூர்வாருவதற்காக மூடிவிடுவார்கள். அந்த வாரங்களில் குழாயில் வருவது பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். உப்பு தூக்கலாக இருக்கும், வரத்தும் குறையும். பலகாரம் சுடுகிற பருவத்தில் இது. அக்டோபரில் குடியேறுகிறவர்கள் முதல் வாரத்திலேயே 'என்ன தண்ணீர் இது' என்று பயந்துவிட வேண்டாம்.

காற்றுக்கு மட்டும் மாநில எல்லை கிடையாது. 2024 நவம்பர் 18 அன்று டெல்லியின் காற்றுத் தரக் குறியீடு 490ஐத் தாண்டியது. அந்த அளவுகோலின் உச்சியே 500. டெல்லி, நொய்டா, குருகிராம் மூன்றிலும் வகுப்புகள் ஆன்லைனுக்கு மாறின. இந்தப் பகுதி சுத்தம், அந்தப் பகுதி மோசம் என்று யாராவது விற்றால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையோ பெரியவரோ வீட்டில் இருந்தால், நவம்பர், டிசம்பரில் அவர்களை ஊருக்கு அனுப்ப முடியுமா என்பதை வீட்டு வாடகைக்கு முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும்.

இனி வாடகை. பதினொரு மாத ஒப்பந்தம், ஒன்றிரண்டு மாத வாடகை முன்பணம், புரோக்கருக்குத் தனியாகக் கமிஷன். அட்வான்ஸாகப் பெருந்தொகை கட்டிப் பழகிய சென்னைக்காரருக்கு இது இனிப்பாக இருக்கும். அந்த இனிப்பில் கதவோரம் இருக்கும் மீட்டரைப் பார்க்க மறந்துவிடுவார். நொய்டா, இந்திராபுரம் பக்கத்து சொசைட்டிகளில் இது பெரும்பாலும் ப்ரீபெய்ட். சின்னத் திரையில் ஒரு எண் அரசு மின்சாரத்துக்கு, இன்னொன்று டீசல் ஜெனரேட்டருக்கு. கரன்ட் போனதும் விளக்கு ஒரு விநாடி கண் சிமிட்டித் திரும்ப எரியும். 'பவர் பேக்கப்' என்று நீங்கள் மெச்சிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது எண் ஓடத் தொடங்கியிருக்கும், யூனிட்டுக்கு இரண்டு மூன்று மடங்கு விலையில். பல இடங்களில் பராமரிப்புக் கட்டணத்தையும் தினம் கொஞ்சமாக இதே மீட்டரிலிருந்து கழிப்பார்கள். அதுவும் நீங்கள் புழங்கும் பரப்புக்கு அல்ல; மாடிப்படி, லிஃப்ட், வராந்தாப் பங்கெல்லாம் சேர்ந்த 'சூப்பர் ஏரியா'வுக்கு. ஊருக்குப் போகும்போது இருப்பு வைக்க மறந்தால் ஃபிரிட்ஜில் இருப்பதெல்லாம் கெட்டுப்போகும்.

வீடு வாங்குகிற ஆசையை முதல் இரண்டு வருடம் பெட்டியிலேயே பூட்டி வையுங்கள். தமிழ்நாட்டில் அடுக்ககம் வாங்கினால் நிலத்தில் யு.டி.எஸ். எனும் பிரிக்கப்படாத பங்கு நம் பெயருக்கு வரும். நொய்டாவில் நிலம் 1976இல் அமைந்த ஆணையத்துடையது. 90 ஆண்டுக் குத்தகைக்குத்தான் தருகிறார்கள். கட்டுமான நிறுவனம் ஆணையத்துக்குப் பாக்கி வைத்தால் வீட்டுப் பத்திரம் பதிவாகாது. முழுப் பணமும் கட்டிக் குடியேறி, வருடக்கணக்காகப் பதிவுக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு.

இதற்கு நடுவே நொய்டா செக்டர் 93ஏ கதையைச் சொல்லாமல் போக முடியாது. சூப்பர்டெக் நிறுவனத்தின் எமரால்டு கோர்ட் வளாகத்தில் இரட்டைக் கோபுரங்கள் எழும்பத் தொடங்கியபோது, விதிப்படியான இடைவெளி இல்லை, தங்களுக்குச் சொல்லியிருந்த தோட்டம் போய்விட்டது என்று குடியிருப்போர் சங்கம் வழக்குப் போட்டது. சங்கத்தில் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். வழக்குச் செலவுக்குத் தங்களுக்குள்ளேயே வசூல் செய்துகொண்டார்கள். 2014இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2021 ஆகஸ்ட் 31இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2022 ஆகஸ்ட் 28 பிற்பகலில், ஏறக்குறைய 3,700 கிலோ வெடிபொருள், பத்து விநாடிக்குள் எல்லாம் புழுதி. தொலைக்காட்சியில் எல்லோரும் இடிபாட்டைத்தான் பார்த்தோம். எனக்கு அந்தச் சங்கத்தின் மீதுதான் கண். வாடகைக்குப் போனாலும் சரி, நுழையும் முன் கேளுங்கள்: பில்டர் வளாகத்தைச் சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டாரா? தேர்தல் நடக்கிறதா? பராமரிப்புப் பணம் யார் கையில்?

குருகிராமில் நிலம் பற்றிய பயம் குறைவு, கட்டடமும் வடிகாலும் பற்றிய பயம் அதிகம். 2022 பிப்ரவரியில் செக்டர் 109இல் ஒரு கோபுரத்தின் தளங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். 2016 ஜூலை 28 மாலை பெய்த மழையில் ஹீரோ ஹோண்டா சௌக் பக்கம் வண்டிகள் விடிய விடிய நின்றன. வீடு பார்க்க உகந்த மாதம் என்று கேட்டால் ஜூலை என்பேன்; பள்ளிக் கணக்கு மார்ச் என்கிறது. இரண்டும் ஒத்துவராது. மார்ச்சில் பார்க்கிறவர்கள் அடித்தளக் கார் நிறுத்தத்துக்கு இறங்கிச் சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரம்வரை ஏறியிருக்கிறது என்று பாருங்கள்.

கார் என்றதும் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டு எண் உள்ள வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கேயே வைத்திருந்தால் புதிய பதிவு வாங்க வேண்டும். அது ஹரியானாப் பதிவா, உ.பி. பதிவா, டெல்லிப் பதிவா என்பதை நீங்கள் எடுத்த வீட்டு முகவரி ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. கட்டிய சாலை வரியைத் திரும்ப வாங்குவது தனிப் படலம். வண்டியைக் கொண்டுபோவதா, விற்றுவிட்டுப் போவதா? அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)