எடையைக் கூட்டாமல் சுமையைக் கூட்டலாம்

ஒரு லிட்டர் தண்ணீர் நிறைந்த புட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மார்போடு அணைத்துப் பிடித்தபடி நில்லுங்கள். ஐந்து நிமிடம் ஆனாலும் களைப்புத் தெரியாது. இப்போது கையை முன்னால் நேராக நீட்டி, அதே புட்டியைத் தோள் மட்டத்தில் பிடியுங்கள். சிறிது நேரத்திலேயே தோள் கனக்கும், பிறகு எரியும், பிறகு கை நடுங்கத் தொடங்கும். புட்டியின் எடை மாறவில்லை. மாறியது, தோள்மூட்டிலிருந்து அது இருக்கும் தூரம் மட்டுமே.

விசையையும் தூரத்தையும் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன் என்று இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். பாடப் புத்தகத்தில் பலகையும் எடைக்கற்களுமாக வரும் அந்த விதி, நம் எலும்புகளிலும் தசைகளிலும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதைப் புரிந்துகொண்டவருக்கு உடம்பை உறுதியாக்க இரும்புக் குண்டுகள் வேண்டியதில்லை. தரையில் விரித்த பாய் ஒன்று போதும். இன்று உலகெங்கும் பலர் வீட்டிலேயே செய்துவரும் பிலாட்டீஸ் பயிற்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பிலாட்டீஸ் என்பது ஒரு மனிதரின் பெயர். ஜோசப் பிலாட்டீஸ் 1883-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்தார். 1914-ல் முதல் உலகப் போர் மூண்டபோது அவர் இங்கிலாந்தில் இருந்தார். எதிரி நாட்டவர் என்பதால் அவரைப் பிடித்து, பிறகு மான் தீவில் இருந்த நாக்கலோ முகாமில் அடைத்துவைத்தார்கள். போருக்குப் பின் 1926-ல் அமெரிக்கா சென்று, நியூயார்க் நகரில் மனைவி கிளாராவுடன் ஒரு பயிற்சிக்கூடம் நடத்தினார். நடனக் கலைஞர்கள் பலர் அவரைத் தேடி வந்தனர். 1945-ல் வெளியான தம் நூலில், பாயின் மேல் செய்யும் 34 பயிற்சிகளை அவர் விளக்கினார். தம் முறைக்குக் ‘கட்டுப்பாட்டியல்’ என்று பொருள்படும் பெயரையே அவர் வைத்திருந்தார். 1967-ல் அவர் மறைந்த பிறகு அவருடைய பெயரே முறைக்கும் பெயராக நிலைத்துவிட்டது.

அந்த 34-ல் முதலாவது பயிற்சிக்கு ‘நூறு’ என்று பெயர். மல்லாந்து படுத்து, தலையையும் தோள்களையும் சற்றே உயர்த்தி, கால்களைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கைகள் உடலின் இருபுறமும் நீண்டு, மேலும் கீழுமாகச் சிறிய வீச்சில் அடிக்கும். ஐந்து அடிக்கு மூச்சை உள்ளிழுத்து, ஐந்து அடிக்கு வெளியே விட வேண்டும். இப்படிப் பத்துச் சுற்று. மொத்தம் நூறு அடி. கேட்பதற்கு எளிது. முதல் நாள் செய்து பார்ப்பவர்களில் பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டுவதற்குள் கால்களைக் கீழே போட்டுவிடுவார்கள்.

ஆனால் சில வாரங்களில் அதே ‘நூறு’ எளிதாகிவிடுகிறது. வயிற்றுத் தசை அதற்குள் பெருத்துவிட்டதா? அவ்வளவாக இல்லை. முதல் சில வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்புகளின் கைங்கரியம். எந்தத் தசை இழைகளை, எந்த வரிசையில், எத்தனை பேரைச் சேர்த்து வேலைக்கு அழைப்பது என்பதை மூளையும் தண்டுவடமும் கற்றுக்கொள்கின்றன. தசை பருப்பது அதற்குப் பின்தான் கண்ணுக்குத் தெரியும். எப்படியானாலும், உடல் ஒரு சுமைக்குப் பழகிவிட்டால் அதே சுமை அதை மேலும் வளர்ப்பதில்லை.

அப்போது நாம் என்ன செய்கிறோம்? நூறு எளிதாகிவிட்டதா, இருநூறு செய்வோம் என்று கிளம்புகிறோம். இது தவறான வழி என்றே நான் சொல்வேன். எண்ணிக்கை கூடினால் நீண்ட நேரம் தாங்கும் தன்மை கொஞ்சம் கூடும். பலம் அதிகம் கூடாது. பிலாட்டீசே இதற்கு அணை போட்டிருக்கிறார்: 20 அடியில் தொடங்கி, ஐந்தைந்தாகக் கூட்டி, நூறை எட்டலாம்; நூறுக்கு மேல் வேண்டாம் என்பது அவர் அறிவுரை. நூறுக்குப் பிறகு மாற வேண்டியது எண்ணிக்கை அன்று, நெம்புகோல்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 கி.கி. எடையுள்ள ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். ஒருவரின் ஒரு கால், தொடையிலிருந்து பாதம்வரை, அவர் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் இருக்கும். ஆகவே இவருடைய இரு கால்களும் சேர்ந்து 16 கி.கி. கால் 80 செ.மீ. நீளம் என்றால், நேராக நீட்டிய காலின் ஈர்ப்பு மையம் இடுப்பு மூட்டிலிருந்து சுமார் 35 செ.மீ. தூரத்தில் இருக்கும். தொடை பருமன், கணுக்கால் மெலிவு. எனவேதான் மையம் பாதி வழிக்குச் சற்று முன்பே வந்துவிடுகிறது. கால்களைத் தரையை ஒட்டி நீட்டிப் பிடித்தால், இடுப்பு மூட்டில் விழும் திருப்புத்திறன் 16 பெருக்கல் 35, அதாவது 560 கி.கி.-செ.மீ.

இப்போது முழங்காலை மடக்கி, தொடை செங்குத்தாகவும் கீழ்க்கால் தரைக்கு இணையாகவும் இருக்கும்படி, ஒரு மேசையைப் போல வைத்துக்கொள்ளட்டும். தொடையின் எடை இடுப்பு மூட்டுக்கு நேர் மேலே வந்துவிட்டது; அதற்குத் திருப்பும் வேலை இல்லை. கீழ்க்காலும் பாதமும் மட்டுமே பாக்கி. இரண்டு பக்கமும் சேர்ந்து 6 கி.கி.; அவற்றின் மையம் சுமார் 24 செ.மீ. தள்ளி இருக்கும். பெருக்கினால் 144. முன்னதில் கால் பங்குதான்! அதே மாணவர், அதே கால்கள், அதே எடை. வேலை மட்டும் நான்கு மடங்கு வேறுபடுகிறது.

இடைப்பட்ட நிலைகளும் உண்டு. நீட்டிய கால்களைத் தரையோடு 45 பாகை சாய்வில் பிடித்தால் திருப்புத்திறன் சுமார் 396. இதில் ஒரு விந்தையைக் கவனியுங்கள். கால்கள் வானை நோக்கிச் செங்குத்தாக நிற்கும்போது திருப்புத்திறன் சுழி. அங்கிருந்து 45 பாகைக்கு இறங்குவதற்குள் முழுச் சுமையில் பத்தில் ஏழு பங்கு வந்து ஏறிவிடுகிறது. அதற்குப் பிறகு தரைவரை இறங்கினாலும் கூடுவது மீதி மூன்று பங்குதான். கோசைன் அட்டவணை தெரிந்தவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆகவே செங்குத்திலிருந்து கால்களைச் சாய்க்கத் தொடங்கும்போது, ஒரு நாளைக்கு ஒரு சாண் என்று அவசரப்படக் கூடாது.

சரி, இந்தத் திருப்புத்திறனைத் தாங்குவது எது? வயிற்றுத் தசை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. காலைத் தூக்கிப் பிடிப்பவை இடுப்பை மடக்கும் தசைகள். அவற்றுள் முக்கியமான ஒன்று, முதுகெலும்பின் அடிப்பகுதியில் இருக்கும் முள்ளெலும்புகளின் பக்கவாட்டில் தொடங்கி, இடுப்புக்குள் இறங்கி, தொடை எலும்பின் மேற்பகுதியில் வந்து முடிகிறது. மூட்டிலிருந்து அது இழுக்கும் கோட்டுக்குள்ள தூரம் மிகக் குறைவு, 4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 560 ஐ 4 ஆல் வகுத்தால் 140. பதினாறு கிலோ கால்களைத் தரையருகே பிடித்துவைக்க, இரு பக்கத்துத் தசைகளும் சேர்ந்து 140 கி.கி. எடைக்குச் சமமான விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது!

கயிற்றை இழுத்தால் இரண்டு முனைகளும் இழுபடும் அல்லவா? ஒரு முனை தொடையைத் தூக்குகிறது. மறுமுனை முள்ளெலும்புகளை முன்னோக்கி இழுக்கிறது. இடுப்பெலும்பை அசையாமல் பிடித்துக்கொண்டு இதைத் தடுப்பதுதான் வயிற்றுத் தசைகளின் வேலை. விலா எலும்புகளிலிருந்து இடுப்பெலும்பின் முன்பக்கம்வரை ஓடும் தசைகளும், இடுப்பைச் சுற்றிக் கச்சை கட்டியதுபோல் உள்ளே படர்ந்திருக்கும் குறுக்குத் தசையும் இதில் பங்கு கொள்கின்றன. அவை தோற்றால் இடுப்பெலும்பு முன்னால் கவிழும். இடுப்பின் பின்புறம் வில்லாக வளைந்து தரையைவிட்டு எழும்பும். கால்கள் இன்னும் அந்தரத்தில்தான் இருக்கும். பார்ப்பவர்களுக்குக் கடினமான பயிற்சியைச் சாதித்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில், வயிற்றுத் தசை கைவிட்ட சுமையை முதுகெலும்பின் மூட்டுகளும் நாண்களும் சுமக்கின்றன. முதுகு வலியோடு எழுந்து, ‘இந்தப் பயிற்சி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. செய்தித்தாளில் இரண்டு விரல் அகலமுள்ள நீண்ட துண்டு ஒன்றைக் கிழித்து, மல்லாந்து படுப்பவரின் இடுப்புக்கு அடியில் குறுக்காகச் செலுத்துங்கள். அவர் முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றி, இடுப்பின் பின்புறத்தை மெல்ல அழுத்தி, காகிதத்தைக் கவ்விக்கொள்ளட்டும். பிறகு கால்களை மேசை நிலைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து சிறிது சிறிதாக நீட்டட்டும். நீங்கள் காகிதத்தை இலேசாக இழுத்துக்கொண்டே இருங்கள். எந்த இடத்தில் காகிதம் வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறதோ, அந்த இடம்தான் இன்றைய எல்லை. அதற்கு ஒரு படி முன்னால் நின்று பயிற்சி செய்ய வேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி சோதித்தால் எல்லை நகர்ந்திருக்கும். அண்ணன் தரையைத் தொடும் அளவுக்குக் காலை இறக்குகிறானே என்று தம்பி பார்க்கத் தேவையில்லை. இருவரின் கால் நீளமும் எடையும் வேறு, காகிதமும் வேறு.

நெம்புகோலைத் தவிர வேறு வழிகளும் உள்ளன. ஒன்று, வேகத்தைக் குறைப்பது. மல்லாந்து படுத்து, கைகளைத் தலைக்கு மேல் நீட்டி, முதுகெலும்பை ஒவ்வோர் எலும்பாகச் சுருட்டிக்கொண்டு எழுந்து உட்காரும் பயிற்சி இருக்கிறது. கைகளைச் சட்டென்று வீசினால் அவற்றின் உந்தமே உடம்பைப் பாதி வழி தூக்கிவிடும். தசை ஓசியில் பயணம் செய்யும். பத்து எண்ணுவதற்குள் எழுவது, மறுபடி பத்து எண்ணியபடி இறங்குவது என்று வைத்துக்கொண்டால் உந்தத்தின் உதவி அற்றுப்போகும். இறங்கும்போது தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. இந்த வேலைதான் தசையை நன்றாக வளர்க்கும். பலரும் எழும்போது காட்டும் அக்கறையை இறங்கும்போது காட்டாமல், தொப்பென்று விழுந்துவிடுகிறார்கள்.

மூச்சும் இப்படித்தான். மூச்சை அடக்கிக்கொண்டால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி, காற்றடைத்த பந்துபோல முதுகெலும்பைத் தாங்கிவிடும். ‘நூறு’ பயிற்சியில் ஐந்துக்கு ஐந்து என்று மூச்சை எண்ணச் சொல்வது அந்த முட்டுக்கொடுத்தலை நீக்கிவிடுகிறது. எண்ணாமல் செய்து பழகியவர்கள் ஒருமுறை எண்ணிக்கொண்டு செய்து பார்க்கட்டும், வித்தியாசம் தெரியும்.

இன்னொரு வழி, தாங்குதளத்தைக் குறுக்குவது. தண்டால் எடுப்பதற்குத் தயாராக, கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஊன்றுகோல், மேசைபோல நிலையாக இருக்கும். ஒரு காலை ஓரங்குலம் உயர்த்தினால் மூன்றாகிவிடும். ஆதரவு போன பக்கமாக உடல் உருளப் பார்க்கும். அதை எதிர்த்து, வயிற்றின் இருபுறமும் சாய்வாக ஓடும் தசைகள் பிரேக் போடவேண்டும். முதலில் பாதங்களை ஒரு முழம் அகற்றி வைத்துப் பழகி, வாரத்துக்கு வாரம் நெருக்கிக்கொண்டே வாருங்கள். இடுப்பின் மேல் ஒரு நோட்டுப்புத்தகத்தை வைத்தால், அது நழுவாமல் இருக்கிறதா என்பதே தேர்வு. நான்கும் கடினமாக இருக்கிறது என்பவர்கள் முழங்காலை ஊன்றலாம். கால்விரலை ஊன்றும்போது கைகளில் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விழும்; முழங்காலை ஊன்றினால் அது பாதியாகக் குறையும்.

கடைசியாக, சுருள்வில். பிலாட்டீஸ் தம் பயிற்சிக்கூடத்தில், தண்டவாளத்தில் ஓடும் பலகையைச் சுருள்வில்களால் இணைத்த கருவி ஒன்றைப் பயன்படுத்தினார். நீட்சி கூடக்கூட வில்லின் எதிர்ப்பும் கூடும். இது ஹூக் 1678-ல் வெளியிட்ட விதி. காலால் பலகையைத் தள்ளும்போது வில்களைக் கூட்டினால் வேலை கடினமாகும். ஆனால் வில்லோடு இணைத்த வார்களில் கால்களை மாட்டி உயர்த்திப் பிடிக்கும் பயிற்சிகளில் நிலைமை தலைகீழ்! அங்கே வில்தான் காலின் எடையைத் தாங்குகிறது. வில்லை இலேசாக்கினால்தான் உடம்புக்கு வேலை. பாயில் வில்லே கிடையாது. எனவே வெறும் பாயில் செய்வது கற்றுக்குட்டிகளுக்கு, கருவியில் செய்வது தேர்ந்தவர்களுக்கு என்ற எண்ணம் பல பயிற்சிகளுக்குப் பொருந்தாது. வீட்டில் வில் வேண்டுமென்றால் பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு முழத் துண்டு போதும். முழங்கால்களுக்குச் சற்று மேலே தொடைகளைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, பாதங்களை ஊன்றி இடுப்பை உயர்த்தும் பயிற்சியில் தொடைகளை விரித்துப் பிடிக்கலாம். வெடிப்பு விட்ட ட்யூப் வேண்டாம். அறுந்தால் முகத்தில் அடிக்கும்.

இவற்றில் எதைக் கூட்டினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உங்களைக் கவிழ்த்தது என்று தெரியாமல் போகும். மறுநாளோ அதற்கு மறுநாளோ தசை வலித்தால் பயப்பட வேண்டாம். அது லாக்டிக் அமிலம் தேங்கியதால் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அந்த அமிலம் பயிற்சி முடிந்து ஓரிரு மணி நேரத்திலேயே இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. பழகாத சுமையால், முக்கியமாக நீண்டபடி தாங்கிய வேலையால், இழைகளில் நேர்ந்த நுண்ணிய சிதைவும் அதைச் சீர்ப்படுத்தும் வேலையுமே வலிக்குக் காரணம். நான்கைந்து நாளில் தானே தணியும். ஆனால் பயிற்சியின் நடுவிலேயே முதுகில் சுரீரென்று குத்தினாலோ, வலி காலுக்கு இறங்கினாலோ, அது வேறு வகை. அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டவேண்டும்.