தானே கற்கும் சில்லு

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை மின்துடிப்புகளால் தம்முள் செய்தி உணர்த்தும். பயிலுந்தோறும் அவற்றின் இணைப்புகள் வலுப்பெறும். இத்துணைப் பணிக்கும் மூளை கொள்ளும் ஆற்றலோ ஏறத்தாழ 20 வாட்டே!

கணிப்பொறியிலோ நினைவகம் ஓரிடத்தும் கணக்கிடும் உறுப்பு பிறிதோரிடத்தும் உள்ளன. இவற்றிடையே செய்திகள் ஓயாது சென்று மீள்வதால் ஆற்றல் பெரிதும் செலவாகின்றது.

இக்குறையை நீக்கக் கருதி, அமெரிக்க நாட்டு இன்டெல் நிறுவனத்தார் 2017ஆம் ஆண்டில் லோய்ஹி என்னும் சில்லை அறிவித்தனர். அதில் ஏறத்தாழ 1,30,000 செயற்கை நரம்பணுக்கள் உள்ளன. நினைவும் கணிப்பும் அருகருகே நிகழும். துடிப்பு வருங்கால் அணு இயங்கும், வாராக்கால் ஓய்ந்திருக்கும். துடிப்புகள் வரும் முறைக்கேற்ப இணைப்புகளின் வலிமையைச் சில்லு தானே மாற்றிக்கொள்ளும். இதுவே அதன் கல்வி.

ஆயினும், அக்கல்விக்கு விதி வகுத்தது மனித மூளையே. மாணவர்களே, அம்மூளை உங்களிடம் உள்ளது. நாளும் பயின்று அதனை வலுப்படுத்துங்கள்.