பசியற்ற மீனுக்கு ஓர் இரை

பசியே இல்லாத ஒருவருக்கு உணவை விற்க முடியுமா? தேவைக்கும் விருப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதற்காக, பொருளாதார வகுப்பில் மாணவர்களிடம் நான் கேட்ட கேள்வி இது. ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் சால்மன் மீனுக்குத் தூண்டில் வீசுவோர், தலைமுறை தலைமுறையாக இதே கேள்வியுடன்தான் குளிர்ந்த நீரில் இடுப்பளவு நிற்கின்றனர்.

அட்லாண்டிக் சால்மன் நதியில் பிறந்து, கடலுக்குச் சென்று, அங்கே ஓரிரு ஆண்டுகள் சிறுமீன்களையும் இறால் வகைகளையும் உண்டு கொழுத்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த நதிக்கே திரும்புகிறது. நதிக்குள் நுழைந்தபின் அது உண்பதில்லை. அதன் குடலே சுருங்கிவிடுகிறது. ஆயினும், இறகும் மயிரும் சுற்றிய தூண்டில் முள்ளைச் சில வேளைகளில் பாய்ந்து கவ்வுகிறது. சினமா, பழக்கமா, கடலில் வேட்டையாடிய நினைவின் மிச்சமா என்பதில் இன்றளவும் ஒருமித்த கருத்து இல்லை.

அந்தச் செயற்கை இரைக்கு 'ஃபிளை', அதாவது 'ஈ' என்று பெயர். பெயர்தான் ஈ, சால்மனுக்கான வகைகள் பலவற்றுக்கும் ஈக்கும் தொடர்பில்லை. 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் இவை அலங்காரப் பொருள்களாகவே வளர்ந்தன. 'ஜாக் ஸ்காட்' என்ற புகழ்பெற்ற வடிவத்தில் பல நாட்டுப் பறவைகளின் இறகுகள் இடம்பெற்றன. நமது மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகும் அவற்றுள் ஒன்று. அதன் நுனியிலுள்ள மெழுகு போன்ற புள்ளி மீனின் கண்ணைப் போலத் தோன்றும் என்பதால் அதற்குத் தனி மதிப்பு. (அக்கலைஞர்கள் 'இந்தியக் காகம்' என்றழைத்த இறகு மட்டும் நம்முடையதன்று, அது தென் அமெரிக்கப் பறவையினுடையது.)

இவ்வளவு அழகும் யாருக்காக? வாங்குபவருக்காகவே என்று ஐயுற இடமுண்டு. மீன் கடலில் கண்டது சாண்ட் ஈல் போன்ற மெல்லிய உடல்கொண்ட சிறுமீன்களையும் இறால்களையும்தான். அப்படியானால், கடல்மீன் பிடிப்போர் பயன்படுத்தும் வடிவங்களையே நதியிலும் வீசிப் பார்க்கலாமே என்ற எண்ணம் இயல்பாக எழுகிறது.

கடல்வகை வடிவங்களில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. அமெரிக்கரான லெஃப்டி கிரே 1950-களின் பிற்பகுதியில் உருவாக்கிய 'டிசீவர்', முள்ளைச் சுற்றிச் சிக்கிக்கொள்ளாதவாறு நீண்ட இறகுகளைப் பின்புறம் கட்டியது. பாப் கிளவுசர் 1980-களில் உருவாக்கிய 'கிளவுசர் மின்னோ', மான்வால் மயிரும் கனமான உலோகக் கண்களும் கொண்டது. இழுத்தால் முன்னேறும், நிறுத்தினால் தலைகுப்புற அமிழும். அடிபட்ட சிறுமீனின் துடிப்பு அதில் தெரியும். அமெரிக்க அஞ்சல்துறை 1991-இல் வெளியிட்ட அஞ்சல்தலை வரிசையில் ஜாக் ஸ்காட்டும் டிசீவரும் இடம்பெற்றது ஒரு சுவையான தற்செயல்.

ஆனால், வடிவத்தை மட்டும் மாற்றினால் போதாது. மரபான சால்மன் ஈயை நீரோட்டத்தின் குறுக்கே வீசி, ஆற்றின் போக்கிலேயே வளைந்து வரவிடுவார்கள். கையால் இழுப்பது குறைவு. கடல்வகையின் உயிரோ இழுப்பில்தான் இருக்கிறது. வேகமும் இடைநிறுத்தமும் இல்லாவிட்டால் கிளவுசர் வெறும் உலோகத்துண்டு. மேலும், ஈ மீன்பிடிப்பில் இரையைச் சுமந்து செல்வது கயிற்றின் எடையே. கனத்த கண்கள் அந்தச் சமநிலையைக் குலைக்கும். பின்வீச்சில் கோலையோ வீசுபவரின் தலையையோ பதம்பார்க்கவும் கூடும். புதியவர்கள் இலேசான கண்களுடன் தொடங்குவதே நலம்.

கடல் டிரவுட்டின் கதை சற்று வேறு. பழுப்பு டிரவுட்டும் இதுவும் ஒரே இனம். கடலுக்குச் சென்று திரும்புவதுதான் வேறுபாடு. இது கரையோரமாகவே மேய்வதால் டென்மார்க் கடற்கரையில் இறால் வடிவங்களைக் கொண்டு உவர்நீரிலேயே பிடிக்கின்றனர். அங்கே கடல்வகை புதுமையன்று, வழக்கம். நதியில் இரவு வேளையே இதற்கு உகந்தது. 1962-இல் வெளிவந்த தமது நூலில் இந்த இரவு மீன்பிடிப்பை விரித்துரைத்த ஆங்கிலேயரான ஹியூ ஃபால்கஸ் பயன்படுத்திய நீண்ட, மெலிந்த இரையும் சிறுமீனைப் போன்றதே.

சரி, இவை மரபான வடிவங்களைவிடச் சிறந்தவையா? இங்குதான் பொருளாதாரம் படித்தவன் குறுக்கிட வேண்டியிருக்கிறது. ஒருவர் நாளின் பெரும்பகுதி தமக்குப் பிடித்த ஈயையே வீசுகிறார். ஆகவே பெரும்பாலான மீன்களும் அதிலேயே அகப்படுகின்றன. ஆகவே அதுவே சிறந்தது என்கிறார். இது சான்றன்று, சுழல்வாதம். ஒரே மடுவில், ஒரே நீர்மட்டத்தில், இரு வகைகளையும் சம நேரம் மாற்றி மாற்றி வீசி, ஒன்றும் கிடைக்காத மணிகளையும் சேர்த்துக் குறித்துவைத்தால்தான் ஏதேனும் சொல்ல முடியும். வெறுங்கையுடன் திரும்பிய நாளை எழுதிவைப்போர் மிகச் சிலரே.

இந்தச் சோதனைக்கு இன்னொரு விலையும் உண்டு. 2023 டிசம்பரில், அதுவரை கவலைக்குரியதல்லாத பட்டியலில் இருந்த அட்லாண்டிக் சால்மனை 'அச்சுறுத்தலை நெருங்கும் இனம்' என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. 2006 முதல் 2020 வரை அதன் எண்ணிக்கை 23 சதவீதம் குறைந்துள்ளது. 2024 கோடையில் நார்வே 33 நதிகளில் மீன்பிடிப்பையே நிறுத்தியது. ஸ்காட்லாந்தில் தூண்டிலில் அகப்படும் சால்மன்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை நீரிலேயே விடப்படுகின்றன.

எனவே, புதிய வடிவத்தை முயல்வோர் கவனிக்க வேண்டியது அது மீனைக் கவருமா என்பதை மட்டுமன்று. கவர்ந்தபின் மீன் பிழைக்குமா என்பதையும்தான். முக்கிளை முள்ளுக்கு மாறாகக் கொக்கியற்ற ஒற்றை முள்ளைப் பயன்படுத்த வேண்டும். பெரிய கடல்முள்ளைத் தவிர்த்து, சிறிய முள்ளில் மெலிதாகக் கட்டலாம். நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை நெருங்கும் நாள்களில், எந்த ஈயாக இருந்தாலும், கோலைச் சுருட்டிவைத்துவிட்டுக் கரையில் அமர்ந்திருப்பதே முறை.