கிண்ணத்தைப் பார்த்தது போதும், கணக்கைப் பாருங்கள்

இலங்கை அணி தோற்ற மறுநாள் காலை, மன்னார் பஜாரில் கடைக் கதவு திறக்கும் முன்பே வழக்கு திறந்துவிடும். தேநீர்க்கடை வாங்கில் நீதிபதிகளுக்குக் குறைவில்லை. துடுப்பாட்டம் சரியில்லை, தெரிவுக்குழு சரியில்லை என்று தொடங்கி, கடைசியில் "போர்டில் இருக்கிறவர்கள் சரியில்லை" என்று தீர்ப்பாகும். 2023 நவம்பர் 2ஆம் திகதி மும்பையில் இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டு, 302 ஓட்டங்களால் தோற்றபோது நாடே இந்தத் தீர்ப்பைத்தான் சொன்னது.

ஆனால் வென்றால் நல்ல நிர்வாகி, தோற்றால் கெட்ட நிர்வாகி என்பது சரியான அளவுகோலா? நம் கடை முகாமையாளரை நாம் அப்படி அளப்பதில்லை. பெருநாள் வியாபாரம் அமோகமாக நடந்தாலும் மூன்று விடயங்களைக் கேட்போம். புதிய சந்தையைப் பிடித்தாரா? வேலையாட்களின் சம்பளமும் கொள்வனவுக் கடனும் ஒழுங்காகப் போனதா? அவர் இல்லாத நாளிலும் கடை ஓடுமா? விளையாட்டுச் சபைத் தலைவர்களையும் இதே தராசில் வைத்துப் பார்ப்போம்.

சந்தையைத் திறந்தவர்

முதல் கேள்விக்கு நம் நாட்டில் காமினி திசாநாயக்கதான் பதில். அவர் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் தலைவராக இருந்தபோது, 1981 ஜூலையில் இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது. 1982 பெப்ரவரியில் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் நடந்தது. வியாபார மொழியில் சொன்னால், ஊர்ச் சந்தையில் விற்றுக்கொண்டிருந்தவனுக்கு ஏற்றுமதி உரிமம் எடுத்துக் கொடுத்தார்.

அவர் பலம்வாய்ந்த அமைச்சர். அந்தச் செல்வாக்கும் சேர்ந்துதான் காரியம் நடந்தது. அதனால் ஒரு பக்கவிளைவும் உண்டு. சபைக் கதிரைக்கு அரசியல் வழியாகவும் வரலாம் என்பதை அதன்பின் வந்தவர்கள் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள்.

வென்றும் வெளியே போனவர்

அடுத்தவர் ஆனா புஞ்சிஹேவா. வர்த்தக நிறுவன நிர்வாகத்திலிருந்து வந்தவர். அவர் காலத்தில்தான் டேவ் வட்மோர் பயிற்றுநராக நியமிக்கப்பட்டார். 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பின் பின் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்தன. இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகக் கொழும்பு வந்து ஆடி நம்பிக்கை தந்தார்கள். மார்ச் 17ஆம் திகதி லாகூரில் உலகக் கிண்ணம் நமதானது.

இவ்வளவும் நடந்த அதே ஆண்டில் சபைத் தேர்தலில் புஞ்சிஹேவா தோற்றார். இலாபம் காட்டிய முகாமையாளரை வீட்டுக்கு அனுப்பிய கடை எப்படி ஓடும்? 1999இல் இடைக்கால நிர்வாகக் குழு வந்தது. 2001இல் இன்னொன்று. 2005இல் தெரிவான சபை கலைக்கப்பட்ட பிறகு 2012 தொடக்கத்தில்தான் மறுபடி தேர்தல் நடந்தது. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் அமைச்சரின் கையில் பெரிய அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரம் அடிக்கடி பயன்பட்டது.

சம்பளம் போகாத வருடம்

இரண்டாவது கேள்விக்கு 2011ஆம் ஆண்டைப் பாருங்கள். உலகக் கிண்ணப் போட்டிகளுக்காக அம்பாந்தோட்டையிலும் பல்லேகலையிலும் புதிய மைதானங்கள் எழுந்தன. பிரேமதாச மைதானம் புதுப்பிக்கப்பட்டது. அணியும் இறுதிப் போட்டிவரை போனது. வெளியிலிருந்து பார்த்தால் வெற்றி ஆண்டு. உள்ளேயோ சபை கடனில் மூழ்கியது, வீரர்கள் மாதக்கணக்கில் கொடுப்பனவுக்குக் காத்திருந்தார்கள். கடன் வாங்கி மாடி கட்டிவிட்டு, கீழே நிற்கும் பையனுக்குச் சம்பளம் கொடுக்காத முதலாளியை நாம் நல்ல வியாபாரி என்று சொல்வோமா?

மூன்றாவது கேள்விக்கு 2023 நவம்பர் பதில் சொன்னது. 6ஆம் திகதி அமைச்சர் சபையைக் கலைத்து இடைக்காலக் குழுவை நியமித்தார். மறுநாளே நீதிமன்றம் அதைத் தடுத்தது. 10ஆம் திகதி சர்வதேச கிரிக்கெட் சபை இலங்கையை இடைநிறுத்தியது. இங்கு நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது. 2024 ஜனவரி 28இல் தடை நீங்கியபோது போட்டி அங்கே நடந்துகொண்டிருந்தது. நட்டம் யாருக்கு? அறை வாடகைக்கு விடுபவருக்கும், வான் ஓட்டுபவருக்கும், மைதான வாசலில் வடை விற்பவருக்கும்தான்.

நமது ஆட்டத்தின் கதை

மன்னாருக்கு உதைபந்தாட்டம்தான் உயிர். அங்கும் நிலைமை இதுதான். உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் முன்னாள் தலைவர் மணிலால் பெர்னாண்டோ ஃபிஃபாவின் நிறைவேற்றுக் குழுவரை உயர்ந்தவர். ஒழுக்கநெறி மீறலுக்காக 2013இல் அதே ஃபிஃபா அவருக்கு ஆயுட்காலத் தடை விதித்தது. 2023 ஜனவரியில் வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி சம்மேளனத்தையே இடைநிறுத்தியது. ஓகஸ்ட் இறுதியில்தான் தடை நீங்கியது. அந்த ஏழு மாதமும் தேசியச் சீருடையைக் கனவு கண்டு மணலில் ஓடிய பையன் என்ன குற்றம் செய்தான்?

அக்கரையில் ஆணையாளர் என்ற பெயரிலேயே ஒருவர் இருந்தார். 2008இல் ஐ.பி.எல். போட்டியைத் தொடங்கி நடத்திய லலித் மோடி. சந்தை பிடிப்பதில் நூற்றுக்கு நூறு. 2010 ஏப்ரலில் இறுதிப் போட்டி முடிந்த கையோடு இடைநிறுத்தப்பட்டார். 2013இல் இந்திய கிரிக்கெட் சபை அவருக்கு ஆயுட்காலத் தடை விதித்தது. கெட்டிக்காரத்தனம் கணக்குப் புத்தகத்துக்குப் பதிலாகாது.

அரிப்பு சொல்லும் பாடம்

இதை நாம் வெளியூரில் போய்ப் படிக்கத் தேவையில்லை. 1905இல் நமது கரையின் முத்துக்குளிப்பில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் வருமானம். அன்று அதிகாரிகள் கைதட்டு வாங்கியிருப்பார்கள். அடுத்த ஆண்டு ஒரு கம்பனி 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் பார்களில் சிப்பி இல்லை, கம்பனியும் கலைந்தது. பெரிய அறுவடை நல்ல நிர்வாகத்துக்குச் சாட்சியல்ல. அடுத்த வருடத்துக்கு என்ன மிச்சம் என்பதே சாட்சி.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்தில் ஓர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிக்குக் கடைக்காரர்கள் அள்ளிக் கொடுத்தோம். கிண்ணமும் மாலையும் பிரமாதம். கணக்கு மட்டும் கடைசிவரை வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை, சங்கடம். அடுத்த வருடம் நோட்டீசுடன் வந்தவர்களிடம் ஆளுக்கொரு சாக்குச் சொன்னோம். போட்டி நின்றது. கணக்குக் காட்டாதவர்கள் பாதிக் குற்றவாளிகள் என்றால், கேட்காத நாங்கள் மறு பாதி.

எனவே வர்த்தகப் பெருமக்களே, உங்கள் ஊர்க் கழகமோ வர்த்தகர் சங்கமோ எதுவானாலும், பணம் கொடுக்கும்போதே இரண்டு நிபந்தனை சொல்லுங்கள். போட்டி முடிந்து ஒரு மாதத்துக்குள் வரவு செலவு அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட வேண்டும். தலைவரும் பொருளாளரும் எத்தனை வருடம் இருக்கலாம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பதவி அமானிதம் என்று மேடையில் எல்லோரும் பேசுகிறோம். அமானிதத்துக்குக் கணக்குக் கேட்பதும் கொடுத்தவனின் கடமைதான்.