கன்னடம் பேசிய பிள்ளைகளும் கட்டம் போட்ட புத்தகமும்

கரும்பலகைக்கு அப்பால் – 12

சென்ற வாரம் வானொலி வழியே பள்ளிக்கூடத்துக்கு வந்த பாடங்களைப் பார்த்தோம். இந்த வாரம் நாம் போகவேண்டிய ஊர், மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் இருக்கும் பரிதேவாடி.

2009-இல் ரஞ்சித்சிங் டிசாலே அந்த ஊர்த் தொடக்கப்பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். ஒருபக்கம் மாட்டுத் தொழுவம், மறுபக்கம் கிடங்கு, நடுவில் பாழடைந்து நின்ற கட்டடம். அதுதான் பள்ளி. கட்டடத்தையாவது பணம் கிடைத்தால் சரிசெய்துவிடலாம். அதைவிடப் பெரிய சிக்கல், பாடப்புத்தகம் பிள்ளைகளின் தாய்மொழியான கன்னடத்தில் இல்லை என்பது. பதின்ம வயதிலேயே பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைக்கும் வழக்கமும் ஊரில் இருந்தது. புரியாத பாடத்தைக் கேட்க மகளைப் பள்ளிக்கு அனுப்புவானேன் என்று பெற்றோர் நினைத்தால், அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

டிசாலே முதலில் கன்னடம் கற்றுக்கொண்டார். பிறகு 1 முதல் 4 வரையிலான வகுப்புகளின் புத்தகங்களைப் பிள்ளைகளுக்குப் புரியும் மொழியில் மாற்றினார். பாட்டு, கதை, வீடியோ பாடம், பயிற்சி என்று அவற்றுக்குத் துணையானவற்றையும் தயாரித்தார். அவற்றைத் திறக்கும் சாவியாகத்தான் புத்தகப் பக்கத்தில் கியூஆர் குறியீட்டைச் சேர்த்தார். இந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் பிள்ளையின் மொழி, அடுத்து பாடம், கடைசியில்தான் கருவி. தொழில்நுட்பத்தை வகுப்புக்குக் கொண்டுவர விரும்பும் எந்த ஆசிரியருக்கும் இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ஆலையிலிருந்து பள்ளிக்கு

கியூஆர் குறியீடு பள்ளிக்காகப் பிறந்ததல்ல. 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹரா தலைமையிலான குழு, வாகன உதிரிப் பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக அதை உருவாக்கியது. மூன்று மூலைகளில் உள்ள பெரிய சதுரங்களை வைத்துக் கேமரா அதை அடையாளம் காணும். புத்தகத்தை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் படித்துவிடும். தவறு திருத்தும் வசதியை அதிகபட்ச அளவில் வைத்து அச்சிட்டால், ஏறக்குறைய 30 சதவீதம் அழிந்த பிறகும் தகவலை மீட்டுவிடலாம். எண்ணெய்க் கறை படிந்த உதிரிப் பாகத்துக்காக யோசித்த இந்த வசதி, ஒரு வருஷம் முழுக்கச் சின்னப் பிள்ளைகளின் கையில் புழங்கும் புத்தகத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தியது.

2017-இல் மகாராஷ்டிர அரசு, மாநிலம் முழுவதும் பாடநூல்களில் கியூஆர் குறியீடு வரும் என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கு வந்த புதிய பாடநூல்களிலும் அது இடம்பெற்றது. பள்ளிப் பாடங்களுக்கான அரசுச் செயலியான தீக்ஷாவுக்குரிய குறியீடுகளின் கீழே எழுத்தும் எண்ணும் கலந்த, ஆறு இடங்கள் கொண்ட ஒரு சிறு வரி இருக்கும். கேமரா சரியில்லாத போனில் அதைத் தட்டச்சு செய்தாலே பாடம் திறக்கும். எளிய போன் வைத்திருப்பவரையும் மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு இது.

வீடியோவை நிறுத்தும் விரல்

ஆனால் வீடியோ ஓடிவிட்டால் பாடம் நடந்துவிட்டதாக ஆகாது. இதயம் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளியில் நெட் நிலையாகக் கிடைக்காது என்பதால், ஆசிரியர் முந்தின நாள் இரவே தன் டேட்டாவைச் செலவழித்து வீடியோவை இறக்கி வைத்துக்கொள்கிறார். மறுநாள் திரையில் ரத்தம் வலது மேலறைக்குள் வரும்போது சட்டென்று நிறுத்துகிறார். "இது இப்ப எங்கே போகும்? சொல்லுங்க பாப்போம்." நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். ஒரு பையன் எழுந்துவந்து கரும்பலகையில் அம்புக்குறி போடுகிறான். அதன்பிறகே வீடியோ மீண்டும் ஓடுகிறது. அந்த இடைவெளியில்தான் பாடம் நடக்கிறது. எங்கே நிறுத்தவேண்டும் என்பது, போன வருஷப் பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்று அறிந்த ஆசிரியருக்குத்தான் தெரியும்.

இப்படி யோசிக்க அவருக்கு நேரம் வேண்டும். வருகைப் பதிவு, நலத்திட்ட விவரம் என்று பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸில் பதிவேற்றும் வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்பது தமிழக ஆசிரியர் சங்கங்கள் பலமுறை எழுப்பிய குறை. பிள்ளைக்கு உதவ வந்த தொழில்நுட்பம் ஆசிரியரைப் பிள்ளையிடமிருந்து பிரிக்கக் கூடாது. பதிவேற்றுவதற்குத் தனி ஆள், பள்ளிக்கு நம்பகமான இணைய இணைப்பு, ஆசிரியர் தானே பாடம் தயாரிக்க வாரத்தில் சில பாடவேளைகள்: இந்த மூன்றும் புரொஜெக்டர் வாங்கும்போதே சேர்த்துத் திட்டமிட வேண்டியவை.

2020 டிசம்பரில் டிசாலேவுக்கு உலக ஆசிரியர் பரிசு கிடைத்தது. 10 லட்சம் டாலர். அதில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்கும் பகிர்ந்து கொடுத்தார். ஊரில் பதின்ம வயதுத் திருமணங்கள் நின்றதையும், பெண் பிள்ளைகள் தவறாமல் பள்ளிக்கு வருவதையும் பரிசு வழங்கிய அமைப்பு அவருடைய சாதனையாகக் குறிப்பிட்டது. எத்தனை கருவி வாங்கினோம், எத்தனை பேர் செயலியை இறக்கினார்கள் என்று கணக்குக் காட்டும் ஒவ்வொரு திட்டத்தையும் இந்த அளவுகோலால்தான் அளக்கவேண்டும்: எத்தனை பிள்ளைகள் புதிதாக வகுப்புக்கு வந்தார்கள், எத்தனை பேருக்குப் பாடம் புரிந்தது?

அடுத்த வாரம்: 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, பெருந்தொற்றுக் காலத்தில் வீடுகளுக்குள் வகுப்பெடுத்த கதை.

(தொடரும்)