ஏர் ஃபிரையரில் ஸ்கோன்: தானா ராத்தாவிலிருந்து ஒரு கணக்கு

கேமரன் மலைக்குச் சுற்றுலா வருவோர் தானா ராத்தாவில் தேநீரோடு கேட்டு வாங்கிச் சாப்பிடும் பலகாரம் ஸ்கோன். துரைமார் காலத்து வழக்கமான இந்தச் சின்ன ரொட்டி, ஸ்ட்ராபெரி ஜாமும் கிரீமுமாக இன்று இவ்வூரின் அடையாளங்களுள் ஒன்றாகிவிட்டது. அதைச் சுடும் முறையைச் சமையல் நூல்கள் பெரும்பாலும் ஓவனுக்கே எழுதியிருக்கின்றன: 220 பாகை செல்சியஸ், 12 முதல் 15 நிமிடம். நம் வீடுகள் பலவற்றிலும், மாணவர்கள் கூட்டாக வாடகைக்கு எடுத்துத் தங்கும் வீடுகளிலும் இருப்பதோ ஏர் ஃபிரையர். நூலில் உள்ள எண்களை அப்படியே வைத்தால் மேலே கருகும், நடுவில் மாவாகவே இருக்கும். ஸ்கோன் என்றால் தூக்கிப் போட்டுவிடலாம். கோழியாக இருந்தால் வயிற்றுக்கு வம்பு. எனவே அந்த எண்களை எப்படி மாற்றுவது, ஏன் மாற்றுவது என்பதைப் பார்ப்போம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். 2010ஆம் ஆண்டு பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் இக்கருவியை அறிமுகம் செய்தது. இது எதையும் பொரிப்பதில்லை. மேலே சூடேற்றும் கம்பியும் அதன்மேல் வேகமான விசிறியும் கொண்ட சிறிய ஓவன், அவ்வளவுதான். 'காற்றுப் பொரிப்பான்' என்று மொழிபெயர்த்தவர்கள் பெயரில் இருந்த பிழையையும் சேர்த்தே தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 'சுழல்காற்று அடுப்பு' என்றிருந்தால் பாதி விளக்கம் பெயரிலேயே கிடைத்திருக்கும்.

அந்தச் சுழல்காற்றுதான் எல்லா வேறுபாட்டுக்கும் காரணம். விசிறி இல்லாத ஓவனில் உணவைச் சுற்றி, அதிலிருந்தே வெளிவந்த ஈரமான, சற்றுக் குளிர்ந்த காற்று மெல்லிய போர்வைபோல் நிற்கும். வெப்பம் அதைக் கடந்து மெதுவாகவே உள்ளே போகும். விசிறி அந்தப் போர்வையை உரித்துவிடுகிறது. தானா ராத்தாவில் இரவு வெளியே நின்றவர்களுக்கு இது புரியும். அதே குளிர்தான், காற்று வீசத் தொடங்கினால் உடம்பு நடுங்குகிறது. அங்கே காற்று நம் சூட்டைப் பறிக்கிறது, இங்கே உணவுக்குச் சூட்டைக் கொடுக்கிறது.

இதே வேலையைத் தேயிலைத் தொழிற்சாலைகள் வெகு காலமாகச் செய்துவருகின்றன. 1929இல் தொடங்கப்பட்ட 'போ' தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் போனால் தொழிற்சாலையைப் பார்த்துவரலாம். பறித்த கொழுந்தைப் பரப்பி, விசிறிக் காற்றைச் செலுத்தி வாட்டுவது தேயிலை செய்வதில் முதல் படி. கடைசியில் உலர்த்தும் இயந்திரத்தில் சூடான காற்று பட்டு, ஈரம் சுமார் 3 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. கொழுந்தைத் தடிப்பாகக் குவித்தால் காற்று ஊடுருவாது. சில இலை காயும், சில இலை வேகும். ஏர் ஃபிரையர் கூடையை நிறைத்தாலும் இதே கதைதான். ஓர் அடுக்குக்கு மேல் வைக்காதீர்கள்.

இனி கணக்கு. ஓவன் சூட்டில் 20 பாகையைக் குறையுங்கள். நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். இது தொடக்கம் மட்டுமே. ஸ்கோனுக்கு 220 பாகை 200 ஆகிறது. ஆனால் மேலெழும் பண்டம் சூட்டுக் கம்பியை நெருங்குவதால் 180க்கு இறங்குவதே நல்லது. மூன்று நிமிடம் கருவியைச் சூடாக்கிவிட்டு, ஈட்டுக்கு நான்காக இடைவெளி விட்டு வையுங்கள். எட்டாம் நிமிடத்தில் ஒன்றைப் பிட்டுப் பாருங்கள். கேக்குக்கு 150 பாகை போதும். மேற்பகுதி சிவந்ததும் அலுமினியத் தாளைப் பாத்திர விளிம்பில் இறுக்கி மூடவேண்டும், இல்லையேல் விசிறி அதைத் தூக்கிவிடும். ஓவனில் 200 பாகையில் 40 நிமிடம் பிடிக்கும் கோழித்தொடை இதில் 180 பாகையில் 25 நிமிடத்தில், இடையில் ஒருமுறை திருப்பிப் போட்டால், வெந்துவிடும். எலும்பை ஒட்டிய இறைச்சி 75 பாகையை எட்டியதா என்று உணவு வெப்பமானியால் குத்திப் பார்ப்பதே உறுதி. நிறத்தை நம்பாதீர்கள், மசாலா எப்போதும் முந்திக்கொண்டு சிவக்கும்.

பாட்டி காலத்துக் குறிப்பேட்டில் 425 என்றிருந்தால் அது பாரன்ஹீட். நம் கணக்கில் 218 பாகை.

கோலாலம்பூரில் சரியாக வந்த பக்குவத்தை விடுமுறைக்குத் தானா ராத்தாவுக்கு எடுத்துச் செல்பவர்களுக்கு இன்னொரு திருத்தம் உண்டு. ஊர் சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 95 பாகையிலேயே கொதிக்கிறது. அதனால் மாவின் ஈரம் விரைவில் போகும். பேக்கிங் பவுடரின் வாயு கூடுதலாக விரியும். ஸ்கோன் உயர எழும்பி, தலை கருகி, பிறகு அமுங்கும். தேக்கரண்டிக்கு எட்டில் ஒரு பங்கு பேக்கிங் பவுடரைக் குறைத்து, பாலை ஒரு மேசைக்கரண்டி கூட்டினால் சரியாகும்.

பஜ்ஜி மாவுபோல் ஒழுகும் எதையும் இதில் முயலவேண்டாம். இறுகுவதற்குள் காற்று சிதறடித்துவிடும். கறிவேப்பிலையைக் கடைசியில் தூவுங்கள். வெறும் காகிதத்தை வைத்துச் சூடேற்றினால் அது பறந்து கம்பியில் பட்டுத் தீப்பிடிக்கும். பழைய லயத்து வீடுகளிலும் வாடகை அறைகளிலும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் இதையும் தண்ணீர் கொதிக்கும் கெட்டிலையும் சொருகாதீர்கள். இது 1,500 வாட், அது 2,000 வாட். 13 ஆம்பியர் சொருகி 3,000 வாட்டுக்குமேல் தாங்காது.

இருபது பேருக்கு ஸ்கோன் சுடவேண்டுமானால், பேசாமல் ஓவன் உள்ள வீட்டைத் தேடிப் போங்கள். ஈட்டுக்கு நான்கு என்று ஐந்து ஈடு சுடுவதற்குள், முதல் ஈடு ஆறிக் கல்லாகியிருக்கும்.